தூங்கு மீனுக்கு எத்தனை முழம்

மீன் தான் இருக்கும் தொட்டியைப் பார்த்துத்தான் வளரும் என்பது யோராமுவின் விதி. உலகம் உண்டான நாளிலிருந்து எந்த மீனும் இந்த விதியை மீறியதில்லை என்றும், மீறிய மீன்களெல்லாம் செத்துப்போய்விட்டதால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பது முறையில்லை என்றும் அவன் சொல்வான். கடவுள் ஒவ்வொரு மீனின் தலைக்குள்ளும் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார். மீன் காலையில் கண் விழித்ததும் நாலு சுவரையும் ஒரு பார்வை பார்க்கும். போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளும். இதைச் சொல்லும்போது அவன் முகம் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவரின் முகம் போல இருக்கும்.

"அப்போ ஏரிக்குள்ள இருக்கிற மீன் எதைப் பாத்து வளருது?" என்று படகுக்காரன் வைட்சன் ஒருமுறை கேட்டான்.

"எதிர்க்கரையில மொசாம்பிக் இருக்கில்ல, அதைப் பாத்து" என்றான் யோராமு.

வைட்சன் எதிர்க்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூட்டமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மீன்களுக்குத் தெரியும் போல.

ஏரியின் செங்கா கரையில் இருந்த மீன் முற்றத்தில் எந்த மீன் எந்தத் தொட்டியில் என்பது யோராமுவின் வாய்ச்சொல்தான். முங்குகிறவர்கள் வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கி மீன் பிடித்து வருவார்கள். அவை கொஞ்ச நாள் தொட்டிகளில் கிடந்து இளைப்பாறும். பிறகு பையில் அடைபட்டு விமானம் ஏறி, யாரோ வெள்ளைக்காரரின் வரவேற்பறைக்குப் போய்ச் சேரும். அங்கே இந்தக் குலம் முழுவதையும் சிக்லிட் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு.

முற்றத்து வாசலில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுத்து, இன்னோர் ஆளும் வந்து சண்டை போடாமல் படுக்கலாம். அதில் யோராமு ம்புனா மீன்களை விட்டிருந்தான். நீலமும் மஞ்சளுமாக, விரல் நீளத்துக்கு மேல் வளராத பாறை மீன்கள். காரணம் கேட்டால் சொல்வான்: "பெரிய தொட்டில சின்ன மீன் இருந்தா, வர்றவன் ஏரியைப் பாத்த மாதிரி நினைப்பான். சின்னத் தொட்டில பெரிய மீன் இருந்தா, அடேயப்பா எவ்ளோ பெரிய மீன்னு நினைப்பான். வியாபாரம்னா இதான்." இதை மறுத்துப் பேச முற்றத்தில் ஆள் இல்லை. லெஸ்டனைத் தவிர.

லெஸ்டன் யோராமுவின் மனைவி டோரிக்காவுக்கு மூத்த அண்ணன். யோராமு அந்தப் பக்கத்து எல்லா மாப்பிள்ளைகளையும் போலப் பெண்ணெடுத்த ஊரில், பெண்வீட்டார் காட்டிய மண்ணில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவன். மண்ணைக் காட்டியவன் லெஸ்டன். தங்கச்சிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவன்தான் காவல். ஊரில் லெஸ்டன் உட்கார்ந்திருந்தால் யோராமு நின்றபடிதான் பேசுவான். முற்றத்தில் யோராமு உட்கார்ந்திருந்தால் லெஸ்டன் நிற்கவேண்டும். லெஸ்டன் நின்றதில்லை. கால் சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான்.

கால் சரியில்லை என்பது உண்மைதான். போன குளிர்காலத்தில் மீனுக்கு முங்கி, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தபோது காற்று அவன் உடம்புக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. அன்றிலிருந்து இடது கால் அவன் சொல்படி கேட்பதில்லை. பின்னாலேயே இழுபட்டு வரும். "இன்னொரு தடவை இறங்கினா மேல வர்றது நீ இல்ல, உன் உடம்பு" என்று மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தாள். லெஸ்டன் இதையே முற்றத்தில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு அந்தத் தாதி காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் கொடுத்தாள்.

தலைநகர் லிலாங்வேயிலிருந்து வந்த முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு வாளியைக் காட்டினார். அதில் கட்டைவிரல் நீளத்துக்குக் கலிங்கோனோ குஞ்சுகள்.

"இதுகளை உள்ளங்கை நீளத்துக்கு வளர்த்துக் காட்டு. தெக்கத்தி ம்வேரா காத்து அடங்கறதுக்குள்ள. வளர்ந்துட்டா நீ தரையிலயே வேலை பாக்கலாம், மீன் வளர்க்கிற ஆளா. வளரலைன்னா எங்கிட்ட வேற ஒரு வேலைதான் இருக்கு." அந்த வேலை எது என்று சொல்லாமல், முங்குகிறவர்களுக்குக் காற்றடிக்கும், படகில் இருந்த இயந்திரத்தின் பக்கம் மோவாயை நீட்டினார்.

கலிங்கோனோ என்றால் தூங்குகிறவன். பெரிய மீன். உடம்பெல்லாம் அழுகினது போலப் பழுப்புத் திட்டு. பசித்தால் அடிமணலில் ஒருக்களித்துச் செத்துப் படுத்துக்கொள்ளும். பிணம் என்று நினைத்துச் சின்ன மீன்கள் கொத்த வரும். வந்தவை திரும்பிப் போவதில்லை.

லெஸ்டனுக்கு இந்த மீனைப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. அவனும் அதே ஜாதி. மதியம் சாப்பாடானதும் கரை மணலில் ஒருக்களித்துப் படுப்பான். வாய் பாதி திறந்திருக்கும். கை விழுந்த இடத்தில் கிடக்கும். யோராமு அந்த வழியாக வருவான். காலைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிவான். சட்டென்று கணுக்கால் பிடிபடும். இப்படிப் பலமுறை விழுந்திருக்கிறான். ஒருமுறை தலையில் மீன் பேசினோடு விழுந்தான். மணலெல்லாம் மஞ்சள் மீன் துள்ள, முற்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யோராமுவும் சிரித்தான். மச்சான் செய்கிற கேலிக்குக் கோபப்படுகிறவன் அந்த ஊரில் மாப்பிள்ளையாகக் குடியிருக்க முடியாது.

குஞ்சுகள் கைக்கு வந்த அன்றே லெஸ்டன் ஏரியோரம் போய் ஒரு நாணல் வெட்டி வந்தான். வாளிக்குள் நீட்டி ஒரு குஞ்சை அளந்து கத்தியால் கீறினான். பிறகு தன் உள்ளங்கையை வைத்து இன்னொரு கீறல் போட்டான். அதற்கு மேலும் தள்ளி ஒரு கீறல் போட்டான். பிறகு காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் போய் நாணலைக் கிடத்திப் பார்த்தான்.

யோராமு தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு வந்தான். "என்ன மச்சான், பெட்டி செய்யப் போறியா? நாணல் வெச்சு அளவெடுக்கறது செத்தவனுக்கில்ல?"

"மீனுக்கு எடுக்கிறேன்."

"மீன் இந்தா, வாளிக்குள்ள கிடக்கு. நீ சிமெண்டை அளந்துட்டிருக்க."

"இன்னிக்கு இருக்கிற மீனுக்குத் தொட்டி பாத்தா நாளைக்கு இருக்கிற மீனை எங்க கொண்டுபோய் வெப்பே?" லெஸ்டன் கடைசிக் கீறலைக் காட்டினான். "இவ்ளோ ஆகும். இவ்ளோ ஆன மீன் உடம்பை மடக்காம திரும்பணும். அதுகள்ல ஒண்ணு ரவுடியாகும், எப்பவும் ஆகும். அது துரத்தினா மத்தது அதோட கண்ணுல படாத இடம்வரைக்கும் ஓடணும். உசரம் வேண்டாம் மாப்ளே, தரை வேணும். வாசல் தொட்டியைக் குடு."

"வாசல் தொட்டியா? விரல் அளவு மீனுக்கு மாளிகையா? அதுல விட்டா அது நாலு சுவரையும் பாத்துட்டு முதலை அளவுக்கு வளரும். அப்புறம் முதலாளி அதை எந்தப் பையில போட்டு அனுப்புவார்?"

"வளரட்டும்னுதானே குடுத்திருக்காரு."

"விதின்னு ஒண்ணு இருக்கு மச்சான். வளர வேண்டிய மீன் எங்க விட்டாலும் வளரும்."

இப்போது விதி தலைகீழாகிவிட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. லெஸ்டன் கவனித்தான். நாணலை ஊன்றிக்கொண்டு, மற்றவர்களும் கேட்கும்படி வைட்சன் பக்கம் திரும்பினான்.

"மாப்பிள்ளை விதி சத்தியமான விதிதான் வைட்சா. தப்பு எங்க வீட்டுமேல. கல்யாணத்தப்போ நாங்கதான் இவருக்குச் சின்ன இடமா காட்டிட்டோம். இப்போ பாரு, அதுக்குமேல வளரவே இல்ல."

யோராமு குட்டை. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை, சொல்லாமலே தெரியும். படகில் இயந்திரம் அப்போதுதான் அணைந்திருந்தது. அதனால் எல்லோருடைய சிரிப்பும் ஒன்றுவிடாமல் தெளிவாகக் கேட்டது. யோராமுவும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, கலிங்கோனோ குஞ்சுகளை மூலைக் கண்ணாடித் தொட்டியில் விடும்படி சொன்னான். அது அலமாரி மாதிரி நெட்டையாக நிற்கிற தொட்டி. ஆள் உயரம் இருக்கும். அகலம் ஒரு முழம்.

"மச்சானுக்கு உசரம்னா ரொம்பப் பிடிக்குமே" என்றான்.

முதல் மாதம் யோராமுவின் விதி ஜெயித்தது போல இருந்தது. குஞ்சுகள் தின்றன, வளர்ந்தன, தொட்டி பார்க்க நன்றாக இருந்தது. யோராமு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். பிறகு ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதானது. அது கீழே இருந்த மணலைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மற்றவை மேலே, தண்ணீரின் உச்சியில், வாயைத் தூக்கிக்கொண்டு ஒரே கொத்தாக நின்றன. கீழே வந்தவற்றின் வால்கள் கந்தலாயின. அத்தனை மீனும் அந்த ஒரு முழத்துக்குள்ளேயே தின்று அங்கேயே கழிந்தன. தண்ணீர் சோறு வடித்த கஞ்சியின் நிறத்துக்கு வந்தது.

லெஸ்டன் தினமும் ஏரியிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர் சுமந்தான். இரண்டு கால் உள்ளவனுக்கே அந்த மணலில் வாளியோடு நடப்பது கஷ்டம். அவன் நடந்த தடத்தில் ஒரு பக்கம் பாதச்சுவடும் மறுபக்கம் நீளமாக ஒரு கோடும் விழுந்தன.

"மகாராஜாக்களுக்குக் குளியல் ஆச்சா?" என்று யோராமு கேட்பான்.

"ஆச்சு மாப்ளே. அரண்மனைதான் இல்ல."

அவன் மறுபடி வாசல் தொட்டியைக் கேட்டான். இந்த முறை கேலி இல்லாமல், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "இது மீனைப் பத்தின பேச்சு இல்ல மாப்ளே. என்னால இனி இறங்க முடியாது. உனக்குத் தெரியும்." யோராமுவுக்குத் தெரியும். ஆனால் வாசல் தொட்டியைக் கொடுத்தால் குட்டையன் பணிந்தான் என்று முற்றம் பேசும் என்பதும் தெரியும். யோசிக்கிறேன் என்றான். யோசித்தான்.

ம்வேரா காற்று ஏரியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நாள்களில் சில மீன்கள் அடியில் ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்தன. முதலாளி வந்தது அப்போதுதான்.

"ஏன் படுத்திருக்கு?" என்று கேட்டார்.

"கலிங்கோனோங்க. தூங்குது" என்றான் யோராமு. "இரைக்கு வலை விரிக்கிற வேலை. நல்லா வளர்ந்ததுக்கு அடையாளம் இது. சின்னதுகளுக்கு இந்த வித்தை வராது."

முதலாளி குனிந்து பார்த்தார். "அசையவே இல்லையே. என்னமா நடிக்குது" என்று வியந்தார். கண்ணாடியைத் தட்டினார். மீன்கள் நடிப்பை விடவில்லை. நீளக்காம்பு வலையை உள்ளே விட்டு ஒன்றை அள்ளிக் கையில் எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் கிடந்தபடியே தொடர்ந்து நடித்தது. நாற்றம் அடித்தது. உள்ளங்கையில் பாதிதான் இருந்தது.

"இது யாரோட மீன்?"

"லெஸ்டனோட மீனுங்க" என்றான் யோராமு.

யாருடைய தொட்டி என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு யோராமு பதில் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மூச்சை இழுத்தும் விட்டான். அதற்குள் முதலாளி கையைக் கழுவப் போய்விட்டார்.

நாணலோடு பக்கத்தில் இருந்த லெஸ்டன் யோராமுவைப் பார்த்தான். நாணலைத் தொட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "படகு காலைல எப்போ வைட்சா?" என்று கேட்டான்.

அன்று வீட்டில் டோரிக்கா மக்காச்சோளக் களியான ன்சிமாவை முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் நாளைக்கு முங்கப் போகுதாமே. ஏன்?"

"மீன் வளரலை."

"ஏன் வளரலை?"

யோராமு ன்சிமாவைக் கிள்ளி உருட்டினான். நன்றாக உருண்டையாக வரும்வரை உருட்டினான். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனாச்சே. அதுக்கு என்ன தெரியும்" என்றான்.

லெஸ்டன் இரண்டு நாள் இறங்கி ஏறினான். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாதி எல்லோரையும் பயமுறுத்துகிறவள்தான் என்று முற்றம் தீர்மானித்தது. யோராமுவுக்கு அந்தத் தீர்மானம் மிகவும் சரியாகப் பட்டது.

மூன்றாம் நாள் ஆழமான பாறைக்குப் போனார்கள். மதியம் படகு திரும்பியது. லெஸ்டன் தானே இறங்கி நடந்து வந்தான். தோளெல்லாம் அரிக்கிறது என்றான். வைட்சன் மீன் வாளிகளை இறக்குகிற அவசரத்தில், "குளி, சரியாயிடும்" என்றான். லெஸ்டன் மரநிழலில் போய் ஒருக்களித்துப் படுத்தான். வாய் பாதி திறந்திருந்தது. கை விழுந்த இடத்தில் கிடந்தது.

யோராமு தலையில் பேசினோடு அந்த வழியாக வந்தான். பார்த்தான். நின்றான். இந்த முறை அவனிடம் அனுபவம் இருந்தது. கை எட்டாத தூரத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுச் சுற்றிப் போனான்.

"எழுந்திரு மச்சான். இன்னிக்கு நான் விழமாட்டேன்."

லெஸ்டன் அசையவில்லை. தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை மாட்டப்போகிறான் என்று ஆசையோடு பார்த்தார்கள். யோராமு அவர்களுக்குக் காட்டுவதற்காக, சட்டைப் பையிலிருந்து வறுத்த உசிப்பா மீன் ஒன்றை எடுத்து லெஸ்டனின் வாய்க்குப் பக்கத்தில் எறிந்தான். "கொத்து பாக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கலிங்கோனோவை ஜெயித்த ஒரே ஆள் என்ற நினைப்போடு சாப்பிடப் போனான். சாப்பாடு நன்றாக இறங்கியது.

திரும்பி வந்தபோது உசிப்பா அதே இடத்தில் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. எறும்புகள் உசிப்பாவிலிருந்து உதட்டுக்கும், உதட்டிலிருந்து உசிப்பாவுக்கும் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. யோராமு வட்டத்துக்கு வெளியிலேயே நின்றான். "மச்சான்" என்றான். பிறகு பேசினைக் கீழே வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்துக்குப் போனான். கணுக்காலை லெஸ்டனின் விரல்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு குனிந்தான். அது பிடிபடவில்லை.

முன்பே தூக்கிப்போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவமனையில் யோராமு கேட்டான். அங்கே இருந்தவர் துணியை இழுத்து மூடிவிட்டு, "எவ்வளவு முன்னாடி?" என்று திருப்பிக் கேட்டார்.

சாவு வீட்டில் மாப்பிள்ளைகளுக்கு விறகு வேலை. யோராமு விறகைச் சுமந்துகொண்டு இடுகாட்டைத் தாண்டி வரும்போது குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழி வெட்டுகிறவர்கள் வேறு குலத்தார். வைட்சன் அவர்களில் ஒருவன். சாவு வீட்டில் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேலி பேச அவர்களுக்கு உரிமை உண்டு. கேட்கிறவன் கோபப்படக் கூடாது. அழுகிறவனும் கொஞ்சம் சிரிக்கவேண்டும். லெஸ்டனின் உடலை அளந்து வெட்டிய நாணலைக் குழிக்குள் கிடத்தினார்கள். இடித்தது. தலைமாட்டில் பாறை.

"பாறையை உடைக்கணும்" என்றான் ஒருவன், கடப்பாரையைத் தேடிக்கொண்டு.

வைட்சன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தான். விறகோடு நின்ற யோராமுவைக் கண்டான். "எதுக்குப்பா உடைக்கணும்? மாப்பிள்ளையோட விதி இருக்கில்ல. படுக்கட்டும். நாலு சுவரையும் பாத்துட்டு லெஸ்டனே குறைச்சுக்குவான்."

குழிவெட்டிகள் சிரித்தார்கள். யோராமுவும் சிரித்தான். முகத்தில் சிரிப்பு இருந்த நேரம் முழுவதும் விறகுக்கட்டு தலையில் ஆடிக்கொண்டே இருந்தது. அவர்கள் பாறையை உடைத்தார்கள். நாணலைக் கிடத்தினார்கள், இன்னும் இடித்தது, மறுபடி உடைத்தார்கள். நாணல் இரண்டு பக்கமும் தொடாமல் படுக்கிறவரை அவன் விறகை இறக்காமல் அங்கேயே நின்றான். டோரிக்கா வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, அடுப்பு அணைகிறது என்று சொல்லவேண்டியதாயிற்று.

முற்றத்துக்கு அவன் திரும்பிப் போனபோது அலமாரித் தொட்டியில் இரண்டு கலிங்கோனோ மிச்சம் இருந்தன. ஒன்று அந்த ரவுடி. இன்னொன்று உச்சியில், வால் இல்லாத குறையாக, வாயைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதலாளி இரண்டையும் ஏரியில் கொட்டிவிடச் சொல்லியிருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில், லெஸ்டன் சாய்த்து வைத்த இடத்திலேயே நாணல் நின்றது.

யோராமு வாசல் தொட்டிக்குப் போனான். வலையைப் போட்டு ம்புனாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வேறு தொட்டிகளுக்கு மாற்றினான். நீலமும் மஞ்சளும் போனதும் அது வெறும் சிமெண்டுத் தொட்டியாக இருந்தது. பழைய தண்ணீரை இறைத்தான். கரண்டு இல்லை, பம்பு ஓடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தான்.

வைட்சன் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "முதலாளி கேட்டா என்ன சொல்ல?"

"தொட்டி கழுவறேன்னு சொல்லு."

"மகாராஜாக்களுக்கா?" என்று கேட்க வைட்சன் வாயைத் திறந்தான். என்னவோ நினைத்துக்கொண்டு மூடிவிட்டான்.

தண்ணீர் போதுமான அளவு ஏறியதும் யோராமு நாணலை எடுத்துவந்தான். கடைசிக் கீறலில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தொட்டியின் தரையில் நீளத்துக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டி அளந்தான். அகலத்துக்கு அளந்தான். நடுவில் நான்கைந்து கற்களை அடுக்கினான், ஒரு மீனின் கண்ணில் மற்ற மீன் படாதபடி. பிறகு ரவுடியை ஒரு கோடியிலும் வாலில்லாததை மறு கோடியிலும் விட்டான்.

வாலில்லாதது கல்லுக்குப் பின்னால் போனது. உடம்பை மடக்காமல் ஒருமுறை திரும்பியது. பிறகு மெல்ல இறங்கி மணலைத் தொட்டு, ஒருக்களித்துப் படுத்தது.

யோராமு கண்ணாடியைத் தட்டவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தான். செவுள் அசைகிறதா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. எழுந்து நாணலை எடுத்து இன்னொருமுறை அளந்தான். முன்பு வந்ததே வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான்.